வேலைய விட்டுட்டு பாடிபில்டர் ஆகலாமான்னு கேட்ட கோபி தம்பிக்கு

வணக்கமுங்க, எல்லாரும் நல்லாருக்கீங்களா. போன ஞாயித்துக்கெழமை ஈரோட்டுல பாடிபில்டிங் காம்படிசன் முடிஞ்சுதுங்க, 70 கிலோ கேட்டகரில மூணாவது வந்தேன், அதுக்கப்பறம் ரெண்டு நாள் தின்னதும் தூங்குனதும் தான், இன்னைக்கு தான் கேமராவ கையில எடுக்கறேன். இப்ப வெடியால மணி அஞ்சரை, எங்கூட்டு மொட்டமாடில ஒக்காந்திருக்கேன், சோமனூர் பக்கம், கீழ தறி ஓடற சத்தம் கேக்கும், அத நிறுத்த முடியாதுங்க, பொறுத்துக்குங்க.

இந்த வீடியோ ஒருத்தனுக்காக. மேடைல இருந்து நான் எறங்கி வர்றப்ப கோபிச்செட்டிபாளையத்துல இருந்து வந்த ஒரு தம்பி கையப் புடிச்சுகிட்டான். "அண்ணா, திருப்பூர்ல வேலைல இருக்கேன், வேலைய விட்டுட்டு முழுசா இதுல எறங்கலாம்னு இருக்கேன், ஒரு வருசத்துல ஸ்டேஜ் ஏறிரலாமா, ஊட்டுல ஒரே சண்டை"ன்னான். எனக்கு அப்ப நாக்கு மேலண்ணத்துல ஒட்டியிருந்துச்சு, ஒரு வார்த்தை வரல, தோள்ல தட்டிக் குடுத்துட்டு போயிட்டேன். அது மனசுக்குள்ள கெடந்து உறுத்துதுங்க. ஏன் நாக்கு ஒட்டுச்சுங்கறதையும் பொறகு சொல்றேன், அதுவும் அவனுக்கு தெரிஞ்சிருக்கோணும்.

மொதல்ல வேலை விசயம். தம்பி, வேலைய விடாத. ரோனி கோல்மேன்னு ஒருத்தர் உனக்கு தெரிஞ்சிருக்கும், பாடிபில்டிங்ல பெரிய பட்டமான மிஸ்டர் ஒலிம்பியாவ எட்டு தடவை ஜெயிச்சவர், 1998ல மொத தடவை ஜெயிக்கறப்ப அவர் டெக்சாஸ்ல ஆர்லிங்டன் ஊர்ல போலீஸ்காரர், ட்யூட்டி பாத்துட்டு ஜிம்முக்கு போனவர். நம்ம நாட்டுல மனோகர் ஐச், 1952ல மிஸ்டர் யுனிவர்ஸ், ஆளு அஞ்சடி கூட கெடையாது, வெள்ளைக்கார அதிகாரிய அறைஞ்சதுக்கு ஜெயில்ல போட்டாங்க, அந்த ஜெயிலுக்குள்ளயே தான் உடம்ப ஏத்துனார், 104 வயசு வரைக்கும் இருந்தார். அட அவ்வளவு தூரம் எதுக்குங்க, சாண்டோ சின்னப்பா தேவர் நம்ம கோயமுத்தூர் ராமநாதபுரத்துக்காரர் தான, சினிமாவுக்கு போறதுக்கு முன்னாடி மில்லுல வேலை பாத்தவர், அந்த காலத்துலயே தேகப்பயிற்சின்னு இருந்த மனுசன்.

அந்த சாண்டோங்கற பேர் எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கே ரொம்ப நாள் தெரியாதுங்க. நான் பகல்ல பனியன் கம்பெனில டிஸ்பேட்ச்ல இருக்கேன், தெனமும் ஆயிரக்கணக்குல சாண்டோ பனியன் என்ற கை வழியா போகுது. அது ஒரு மனுசன் பேரு. யூஜின் சாண்டோ, 1867ல ப்ரஷ்யால பொறந்தவர், 1901ல லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல உடம்பு கட்டுக்குன்னே பெரிய போட்டி வெச்சவர், இன்னைக்கும் ஒலிம்பியா ஜெயிக்கறவங்க கையில குடுக்கற சிலை அவர் உருவம் தான். இது தெரிஞ்ச அன்னைக்கு அட்டைப்பெட்டி ஒட்டறத நிறுத்திட்டு சித்த நேரம் அந்த பனியனயே பாத்துட்டு நின்னேன்.

செரி, காசு கணக்கு சொல்றேன். எனக்கு கெடச்சது ஒரு ஷீல்டு, 3,000 ரூவா. இந்த 16 வாரத்துல சாப்பாட்டுக்கு மட்டும் மாசம் 12,000 ஆச்சு, எண்ட்ரி ஃபீஸ், டேன்னு மேடைக்கு ஒடம்புல பூசற பழுப்புச் சாயம், மேடைல போடற போசிங் ட்ரங்க், ரூம் வாடகை எல்லாம் தனி. பரிசுப் பணத்துல பொழைக்கறவங்க இந்த வெளையாட்டுல ரொம்ப கம்மி தம்பி. மத்தவங்க எல்லாம் ட்ரெயினிங் குடுத்து, ஜிம் வெச்சு, ஸ்பான்சர் புடிச்சு தான் ஓட்டறாங்க, இல்லீன்னா ரயில்வே, சர்வீசஸ்ங்கற ராணுவ டீம் மாதிரி டீமுக்குள்ள போயி சம்பளத்தோட ஆடறாங்க. ப்ரொஃபஷனல்னா அதுக்கு ப்ரோ கார்டு வாங்கோணும், மாவட்டம், மாநிலம், நேசனல்னு ஏறி, கார்டு குடுக்கற அமெச்சூர் ஷோவுல ஜெயிச்சா தான் கையில வரும், அதுக்கப்பறம் ப்ரோ ஷோவுல ஜெயிச்சா தான் ஒலிம்பியா பக்கம் போக முடியும். போக முடியாதுன்னு நான் சொல்லல, நம்ம தமிழ்நாட்டு பாஸ்கரன் அண்ணனுக்கு 2019ல அர்ஜுனா விருதே குடுத்தாங்க. ஆனா அது வருசக்கணக்கு வேலை, அந்த வருசமெல்லாம் உனக்கு சோறு போடறது உன்ற சம்பளம் தான்.

அடுத்தது சோறு. என்ற அம்மாவ பத்தி சொல்லியே ஆகோணும். அவங்களுக்கு கிராம் கணக்கெல்லாம் தெரியாதுங்க, படி கணக்கு தான். நான் சின்ன தராசு ஒண்ணு வாங்கி வெச்சேன், மொத வாரம் அத தொடவே இல்ல, "அளந்து போட்டா அது சோறா கண்ணு"ன்னாங்க. ரெண்டாவது மாசம் பாத்தா அவங்களே தட்ட வெச்சு சைபர் பண்ணி, கரண்டில ரெண்டு பருக்கை எடுத்து திரும்ப சட்டில போட்டு, 150 வந்த உடனே என்னைய நிமுந்து பாக்கறாங்க. வாரத்துக்கு நாலு அட்டி முட்டை, நாமக்கல் முட்டை, ஒரு அட்டிக்கு 30. வெடியால வேக வெச்சு, கட்ட வெரல்ல ஒரு தட்டு தட்டி உரிப்பாங்க பாருங்க, ஓடு ஒரே சுருளா வரும். மஞ்சக்கருவ தனியா ஒரு கிண்ணத்துல போட்டு பக்கத்தூட்டு கொழந்தைகளுக்கு குடுத்துருவாங்க. ஒரு முழு முட்டைல 6 கிராம் புரோட்டீன், அதுல மூணரை வெள்ளைல இருக்குது. ஒரு நாளைக்கு நம்ம உடம்பு எடைல ஒரு கிலோவுக்கு 1.6ல இருந்து 2.2 கிராம் புரோட்டீன் வரைக்கும் போதுமுங்க, அதுக்கு மேல கொட்டறதுல பெருசா பிரயோசனம் இல்ல. புரோட்டீன் பவுடர் டப்பா வாங்க காசில்லைன்னு வெசனப்படாத, 100 கிராம் கொள்ளுல 22 கிராம் கிட்ட இருக்குது, நம்மூர்ல கொள்ளு இல்லாத ஊடு எது. கூட ஏதாவது வாங்கோணும்னா க்ரியேட்டின் வாங்கு, ஒரு நாளைக்கு 3ல இருந்து 5 கிராம், அவ்வளவு தான்.

16 வாரத்துல 80 கிலோல இருந்து 69.7க்கு எறங்குனேன். அரிசிம்பருப்பு சோத்துல ஊத்துக்குளி வெண்ணெய உருக்கின நெய் ஊத்தி எங்கூட்டுல எல்லாரும் தின்னுட்டு இருப்பாங்க, அந்த வாசம் மாடி வரைக்கும் வரும், நான் மேல ஒக்காந்து கோழி நெஞ்சுக்கறிய மென்னுட்டு இருப்பேன். அப்ப பசியவிட கோவம் தான் எச்சா வருது, சும்மா இருக்கற தங்கச்சிய எரிஞ்சு விழுந்துருக்கேன், அதுக்கு இன்னும் வருத்தமா இருக்குது.

ட்ரெயினிங்க பத்தி எல்லாரும் எந்த எக்சர்சைஸ், எத்தன செட்டுன்னு தான் கேக்கறாங்க. நான் காட்டறது இந்த நோட்டு. பாருங்க, ஓரமெல்லாம் வேர்வை பட்டு ஊறியிருக்குது. ஏழு வருச கணக்கு இதுலயும் இதுக்கு முன்னாடி நோட்டுலயும் இருக்குது. போன வருசம் இதே மாசம் ஸ்குவாட், அதான் எடைய தோள்ல வெச்சு ஒக்காந்து எந்திரிக்கறது, 120 கிலோ 6 ரெப், அதாவது ஆறு தடவை, இந்த வருசம் எடை எறக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி 130 கிலோ 7 ரெப். ஒரு வருசத்துக்கு 10 கிலோ, ஒரு ரெப், இதுக்கு தானுங்க அத்தன வெடியாலயும் எந்திரிச்சது. போன தடவைய விட கொஞ்சம் எச்சா தூக்கோணும், இல்லீன்னா அதே எடைய இன்னும் சுத்தமா தூக்கோணும், அப்ப தான் சதைக்கு வளர காரணம் கெடைக்கும், வளர்றது என்னமோ தூங்கறப்ப தான். ஜிம்முல மூணு மணி நேரம் நின்னுட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஃபோன் பாத்தா ஒண்ணும் ஆகாது. டோரியன் யேட்ஸ் ஒரு எக்சர்சைசுக்கு உசுரக் குடுத்து ஒரே ஒரு செட்டு தான் அடிப்பார்னு சொல்லுவாங்க, ஆறு தடவை ஒலிம்பியா. ஆனா 1994ல பைசெப்ஸ் கிழிஞ்சுது, 1997ல ட்ரைசெப்ஸ், அதோட நிறுத்திட்டார். ரோனி இன்னைக்கு முதுகுலயும் இடுப்புலயும் பல ஆப்பரேசன் முடிஞ்சு ஊன்றுகோல், வீல்சேர்ல இருக்கார். அவர நான் சாமி மாதிரி கும்புடறவன், அதனாலயே சொல்றேன், எடைய விட ஃபார்ம், அதான் சரியான மொறைல தூக்கறது, பெருசு.

மேடைல ஒரு கிலோ கூட தூக்கறதில்ல. இது பாக்கறவங்களுக்கு வெளங்காது. டபுள் பைசெப்ஸ், லேட் ஸ்ப்ரெட், சைட் செஸ்ட், ஆப்டாமன் அண்ட் தைன்னு ஜட்ஜ் சொல்ல சொல்ல போஸ் புடிச்சு நிக்கோணும், கைய காட்டறப்ப கால் தளந்துரக் கூடாது, மூஞ்சில சிரிப்பு போகக் கூடாது. லைட்டு வெளிச்சத்துல சதையோட வெட்டு தெரியோணும்னு டேன் அடிக்கறோம், அந்த வாசம் இன்னும் என்ற மூக்குல இருக்குது, தலகாணி உறைல என்ற காது அச்சு அப்படியே பழுப்பா ஒட்டிக் கெடக்குது, அம்மா துவைச்சும் போகல.

இப்ப அந்த நாக்கு ஒட்டுன சமாச்சாரம். கடைசி வாரம் எனக்கு ப்ளான் குடுத்தவர் ஒருத்தர், பேர் சொல்ல மாட்டேன், தோலு ஒட்டி சதை நல்லா தெரியட்டும்னு ஒன்றரை நாள் தண்ணிய நிறுத்தச் சொன்னார், கூட நீர் எறக்கற மாத்திரை ரெண்டு குடுத்தார். மாத்திரைய நான் போடல. ஆனா தண்ணிய நிறுத்துனேன், அது என்ற தப்பு தான். மேடைக்குப் பின்னாடி நின்னு சதை புடைக்கறதுக்கு ரப்பர் பேண்ட் இழுத்து பம்ப் ஏத்தறேன், ஏறவே மாட்டீங்குது. மாவுச்சத்த உடம்பு கிளைக்கோஜனா மாத்தி சதைக்குள்ள சேத்து வெக்குது, அதுல ஒரு கிராமோட மூணு கிராம் தண்ணி சேர்ந்து இருக்குது, அந்த தண்ணி இல்லாம எங்க புடைக்கும். சைட் ட்ரைசெப்ஸ் புடிக்கறப்ப கெண்டக்கால் சுருட்டி இழுத்துருச்சு, கண்ணுல தண்ணி வந்துருச்சு, சிரிச்சுட்டே நின்னேன். மூணாவதுக்கு எறங்குனது அங்க தான்னு நெனைக்கறேன்.

அந்த மாத்திரைய போட்டிருந்தா பரிசு போறதோட நின்னிருக்காது. மொகமத் பெனசீசா, அல்ஜீரியாக்காரர், 1992ல ஹாலந்துல ஷோ ஜெயிச்ச சில மணி நேரத்துல செத்துப் போனார், வயசு 33. ஆண்ட்ரியாஸ் முன்சர், ஆஸ்திரியா, 1996ல, 31 வயசு, ஒரு உறுப்பு மாத்தி ஒரு உறுப்பு நின்னு போச்சு. உடம்புல சோடியமும் பொட்டாசியமும் நெலை தவறுனா நெஞ்சு துடிப்பே தடுமாறிரும் தம்பி. ஸ்டீராய்டு ஊசி கதையும் இதே தான். வெளிய இருந்து டெஸ்டோஸ்டீரான் ஏத்துனா உள்ள சுரக்கறத உடம்பே நிறுத்திரும், இருதயம் தடிக்கும், கொலஸ்ட்ரால் கெடும். லேபிள் இல்லாத சின்ன பாட்டில ஒருத்தர் எனக்கும் நீட்டுனார், "எல்லாரும் போடறாங்க"ன்னார். உனக்கும் நீட்டுவாங்க. ஒரு வருசத்துல ஸ்டேஜ் ஏறோணும்னு நீ சொன்னீல்ல, அந்த அவசரத்துக்குன்னே பாட்டில தூக்கிட்டு வர்ற ஆளுங்க இருக்காங்க. வாங்காத. இதுக்கு முன்னாடியே ஏதாவது போட்டிருந்தா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லி ரத்தம் டெஸ்ட் எடு, பயந்துட்டு திடீர்னு நீயா எதையும் மாத்தாத.

ஊட்டுல சண்டை போடறாங்கன்னு சொன்ன. அவங்ககிட்ட வேலைய விடலைன்னு சொல்லு, மூணு வருசம் டைம் கேளு. நான் வெடியால அஞ்சே முக்காலுக்கு ஜிம்முல இருப்பேன், எட்டரைக்கு கம்பெனி. ஞாயித்துக்கெழமை ஆறு மணிக்கு லெக் டே, நீ வா, காசு வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வந்துரு. எடை மாட்டாத வெறும் பார் கம்பில இருந்து ஆரம்பிக்கலாம், மொத பக்கத்துல 20 கிலோன்னு எழுதிக்க. அம்மா கூப்படறாங்க, முட்டை உரிச்சுட்டாங்களாட்ட இருக்குது, போயிட்டு வர்றனுங்க.