ஷாட் ஷோவில் காட்டுகிற புதுக் கைத்துப்பாக்கிகள்: ஒரு தம்பியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி நீளமாகக் கேள்வி அனுப்பியிருக்கிறார். முதலில் அதை வாசித்துவிடுகிறேன்.

"அண்ணா, ஜனவரி வந்தால் எனக்கு லாஸ் வேகாஸ் ஷாட் ஷோ வீடியோக்கள்தான் வந்துகொண்டே இருக்கின்றன. மேசையில் வரிசையாகக் கைத்துப்பாக்கிகள். வருகிறவர்கள் எடுத்து, ஸ்லைடை இழுத்து, ட்ரிகரை அழுத்திப் பார்க்கிறார்கள். அதெல்லாம் நிஜத் துப்பாக்கியா? வருடா வருடம் புதுசு என்கிறார்கள், எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரிகிறது. நாம் போய்ப் பார்க்க முடியுமா? இங்கே ஒன்று வைத்திருக்க முடியுமா?"

நிஜத் துப்பாக்கிதான் தம்பி, ஆனால் சுடாது. ஷாட் ஷோ என்கிற அந்தத் துப்பாக்கிக் கண்காட்சியை நடத்துவது என்எஸ்எஸ்எஃப் என்ற அமெரிக்கத் துப்பாக்கித் தொழில் சங்கம். 1979 இல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் தொடங்கினார்கள், இப்போது பல வருடமாக லாஸ் வேகாஸில் நடக்கிறது. மேசைக்கு வருகிற ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஃபயரிங் பின்னைக் கழற்றியிருக்க வேண்டும் என்பது அங்கே கட்டாய விதி. தோட்டாவின் பின்பக்கத்தை அடித்துப் பற்றவைக்கிற சின்ன ஊசி அது. அது இல்லாவிட்டால் எத்தனை தரம் அழுத்தினாலும் வெடிக்காது. பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்கள் ஒவ்வொன்றையும் பரிசோதிப்பார்கள். பார்க்க வருகிறவர் தன் சொந்தத் துப்பாக்கியோடு உள்ளே வரவும் முடியாது.

அதற்காக அங்கே யாரும் அதை விளையாட்டுச் சாமானாக நடத்துவதில்லை. நான் அபுதாபியில் கண்காட்சி மண்டபங்களில் ஸ்டோல் அமைக்கிற வேலையில் இருந்தவன். அங்கே இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஐடெக்ஸ் என்ற பெரிய ஆயுதக் கண்காட்சி நடக்கும். வேலை முடிந்து நின்றபோது ஒரு ஸ்டோல்காரர் என் ஆசையைப் பார்த்துவிட்டு ஒரு பிஸ்டலைக் கையில் தந்தார். அவர் தந்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் மேகசினை, அதாவது தோட்டா அடுக்குகிற கூட்டை, கழற்றி மேசையில் வைத்தார். துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டினார். தோட்டா இருக்கிற அறையைக் குனிந்து பார்த்தார், பார்த்தது போதாதென்று சுண்டுவிரலையும் விட்டுத் தடவினார். அதற்குப் பிறகுதான், குழல் ஆளில்லாத சுவர்ப் பக்கம் இருக்கும்படி, என்னிடம் நீட்டினார். நான் வாங்கியதும் அதே பரிசோதனையை என்னையும் செய்ய வைத்தார். சுடாத துப்பாக்கி என்று இருவருக்கும் தெரியும், ஆனாலும் அந்த ஒழுங்கு மாறாது. நீங்கள் வீடியோ பார்க்கும்போது இதைக் கவனியுங்கள். ட்ரிகரை அழுத்துவதற்கு முன்னால் ஸ்டோல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கிறாரா, குழலை எதிரில் நிற்பவர் வயிற்றுப் பக்கம் திருப்புகிறாரா என்று பாருங்கள். கேட்காமல் அழுத்துகிறவர் சொல்கிற விமர்சனத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

சரி, என்ன புதுசு? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. இப்போது வருகிறவற்றில் பெரும்பாலானவை 2018 ஜனவரியில் வந்த ஒரு துப்பாக்கியின் வழியில் நடக்கின்றன. சிக் சாவர் கம்பனியின் பி365. அதற்கு முன்னால் சட்டைக்குள் தெரியாமல் வைக்கிற மெல்லிய, 9 மில்லிமீட்டர் தோட்டா போடுகிற பிஸ்டல் என்றால் மேகசினில் ஆறு, ஏழு, மிஞ்சினால் எட்டுத் தோட்டா. 2015 இல் வந்த குளொக் 43 இல் ஆறுதான். பி365 கிட்டத்தட்ட அதே உடம்பில் பத்தைக் கொண்டுவந்தது. அகலம் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர். இந்த அடிமட்டத்தில் காட்டுகிறேன், இவ்வளவுதான், என் கட்டைவிரலை விடக் கொஞ்சம் அகலம்.

எப்படிச் செய்தார்கள்? மேகசினுக்குள்தான் விஷயம் இருக்கிறது. பழைய மெல்லிய மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே வரிசையில் ஏறும். பெரிய பிஸ்டலில் இரண்டு வரிசையாகக் கோத்து நிற்கும், அதனால் பிடி தடிக்கும். பி365 இல் கீழே நெருக்கமாக இரண்டு வரிசையாகத் தொடங்கி, மேலே போகப் போக ஒடுங்கி ஒன்றாகிவிடுகிறது. தகடு, ஸ்பிரிங், பிடியின் சுவர் எல்லாவற்றிலும் துளித்துளியாக மிச்சம் பிடித்திருக்கிறார்கள். 2019 இல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஹெல்கட் பதினொன்றோடு வந்தது. 2021 இல் ஸ்மித் அன்ட் வெசன் தன் ஷீல்ட் பிஸ்டலையே பத்து, பதின்மூன்று பிடிக்கிற மாதிரி மாற்றியது. அப்புறம் எல்லாரும் அந்த வழிதான். அதனால்தான் மேசையில் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது.

இரண்டாவது, ஸ்லைடின் மேற்பக்கத்தைச் செதுக்கி, சிவப்புப் புள்ளி காட்டுகிற சின்னக் கண்ணாடியை ஏற்ற இடம் விடுவது. குறிபார்க்க இது நல்ல உதவி. துப்பாக்கியின் மேலே குறிபார்க்க இருக்கிற பின் சைட், முன் சைட், அப்புறம் இலக்கு என்று மூன்றை ஒரு கோட்டுக்குக் கொண்டுவராமல், இலக்கைப் பார்த்துப் புள்ளியை வைத்தால் போதும். ஆனால் கம்பனிக்குக் கம்பனி திருகாணித் துளையும் அடிப்பாகமும் வேறு. துப்பாக்கியையும் கண்ணாடியையும் தனித்தனியே வாங்கினால் இடையில் ஒரு தகடும் தேட வேண்டிவரும். அப்புறம் பழையதைத் திரும்பக் கொண்டுவருகிற பழக்கமும் உண்டு. 1955 இல் பிறந்த கோல்ட் பைதன் ரிவோல்வர் 2020 இல் திரும்ப வந்தது, 1935 ஆம் ஆண்டின் ஹை பவர் பிஸ்டலை எஃப்என் கம்பனி 2022 இல் புதிதாகச் செய்து காட்டியது.

கையில் எடுத்தால் எதைப் பார்ப்பது? பிடியை மாற்றாமல் கட்டைவிரல் மேகசின் பொத்தானைத் தொடுகிறதா? ஆட்காட்டி விரல் இழுத்துக்கொண்டு போகாமல் ட்ரிகரில் உட்காருகிறதா? ஸ்லைடை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும்? ட்ரிகரை அழுத்தி, மெல்ல விடும்போது மறுபடி பற்றுகிற இடம் விரலுக்குத் தெளிவாகத் தெரிகிறதா? இவ்வளவையும் மேசையிலேயே தெரிந்துகொள்ளலாம்.

மேசையில் தெரியாதது ஒன்று இருக்கிறது. அது தொடர்ந்து ஒழுங்காகச் சுடுமா, பத்திரமாக இருக்குமா என்பது. என் முக்கியமான பதில் இதுதான். கண்காட்சிக்கு வருவது பொறுக்கியெடுத்த மாதிரித் துப்பாக்கி. விருந்தினருக்கென்று வடித்துக் கொடுக்கிற ஒரு கோப்பைத் தேயிலையை வைத்து முழு பெக்டரிச் சரக்கையும் மதிப்பிட முடியாது அல்லவா? 2014 தொடக்கத்தில் ரெமிங்டன் ஆர்51 என்ற பிஸ்டலைக் காட்டினார்கள். மெல்லியது, வடிவானது, முன்கூட்டிச் சுட்டுப் பார்த்த நிபுணர்களும் பாராட்டினார்கள். கடைக்கு வந்த பிறகு வாங்கியவர்கள் கோளாறுகளைச் சொல்லத் தொடங்கினார்கள். அதே வருடத்துக்குள், விற்றதைத் திருப்பித் தாருங்கள், புதியது தருகிறோம் என்று கம்பனியே அறிவிக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று இதைவிடப் பெரிது. 2017 ஜனவரியில், ஷாட் ஷோ நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, அமெரிக்க இராணுவம் சிக் பி320 ஐத் தன் புதிய பிஸ்டலாகத் தெரிவுசெய்த செய்தி வந்தது. மண்டபமே அதைத்தான் பேசியது. அதே வருடம் ஓகஸ்டில், பொதுமக்களுக்கு விற்ற பி320 குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று சோதனைகளில் வெளிவந்து, பாகங்களை மாற்றித் தர கம்பனி முன்வந்தது. மேசையில் வைத்து எத்தனை பேர் அதைத் தூக்கிப் பார்த்திருப்பார்கள்! ஒருவருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. ஆகவே ஜனவரி வீடியோவில் யாராவது "இதுதான் இந்த வருடத்தின் சிறந்த துப்பாக்கி" என்றால் நம்பாதீர்கள். ஆறு மாதம் கழித்து, ஆயிரக்கணக்கில் சுட்டவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

போக முடியுமா? டிக்கெட் எடுத்துப் போகிற கண்காட்சி இல்லை அது. துப்பாக்கி வியாபாரம், உற்பத்தி, பொலிஸ், இராணுவம், ஊடகம் என்று அந்தத் தொழிலோடு தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும். 16 வயதுக்குக் குறைந்தவர்களை விடவும் மாட்டார்கள். நமக்கு அமெரிக்க விசாவும் வேண்டும்.

இங்கே வைத்திருப்பது பற்றித் தெளிவாகச் சொல்கிறேன். நம் இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, பின்னால் திருத்தியும் இருக்கிறார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் எதுவும் கிடையாது, அதையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். காட்டுப்பன்றிக்காகத் தோட்டக்காரர் வைத்திருக்கிற சொட்கன் மாவட்டச் செயலகத்தின் வழியாகப் போகும். கைத்துப்பாக்கி என்றால் பாதுகாப்பு அமைச்சு. 2024 நவம்பரில், தற்காப்புக்கென்று கொடுத்திருந்த துப்பாக்கிகளைக்கூட மீளாய்வுக்காக ஒப்படைக்கச் சொன்னார்கள். ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இணையத்தில் பாகங்களோ, அசல் போலத் தெரிகிற பொம்மையோ ஓடர் பண்ணுவதற்கு முன்னாலும் பொலிஸில் கேளுங்கள். சுங்கத்தில் மாட்டினால் பிறகு வீட்டார்தான் அலைவார்கள்.

வீட்டிலேயே செய்கிற எண்ணம் யாருக்கும் வர வேண்டாம். பன்றிக்காகப் பாதையோரம் கட்டிவைக்கிற கட்டுத்துவக்கு நம் ஆட்களின் காலையே எடுத்திருக்கிறது. விறகு பொறுக்கப் போனவர், புல் அறுக்கப் போனவர் என்று பாவப்பட்டவர்கள்தான் அதில் சிக்குகிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

உண்மையிலேயே சுடுவதில் ஆர்வம் என்றால் விளையாட்டாகப் பழக வழி இருக்கிறது. 10 மீட்டர் எயார் பிஸ்டல் ஒலிம்பிக் போட்டி, 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. நம் நாட்டின் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் எயார் ரைஃபிளில் சுட்டார். பதிவுசெய்த கழகம் ஒன்றில் சேர்ந்து, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கும்போது பழகுங்கள் தம்பி. மூச்சு, பிடி, ட்ரிகர் எல்லாவற்றையும் அங்கே சொல்லித் தருவார்கள். சரி, அடுத்த கேள்வி பண்டாரவளையிலிருந்து.