கஞ்சிக் கடைக்கு யாரு லீவு குடுத்தா?

நடுவர் ஐயாவுக்கும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்ல உக்காந்து நிம்மதியா சீரியல் பாக்காம சீரியலுக்காக நாங்க அடிச்சிக்கிறதப் பாக்க சமூக மன்றத்துக்கு வந்திருக்க உங்க எல்லாருக்கும் வணக்கம்.

டீன் ஏஜ் தொடர்கள்ல வர்ற ஏழை பணக்காரக் காதல் இளையர்களுக்கு நம்பிக்கை குடுக்குதா, ஏமாத்துதா, இதான் கேள்வி. ஏமாத்துதுன்னு சொல்ல வந்திருக்கேன் ஐயா. எதிரணி அண்ணன் இப்பதான் பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ் கதைய குரல் தழுதழுக்க சொல்லிட்டு உக்காந்தாரு, பாவம் இன்னும் கண்ணத் தொடச்சிக்கிட்டு இருக்காரு. பாக்காதவங்களுக்காக நான் கண்ணீர் இல்லாம சொல்லிடுறேன். 2009ல வந்த கொரியன் தொடர், மொத்தம் 25 எபிசோடு. சலவைக் கடை வீட்டுப் பொண்ணு ஜான் டி, கோடீஸ்வரப் புள்ளைங்க படிக்கிற ஸ்கூலுக்குப் போறா, அங்க இருக்குற பெரிய கம்பெனி வாரிசு ஜூன் பியோ மொதல்ல அவள ஸ்கூலே சேர்ந்து கொடுமைப்படுத்த வைக்கிறான், அப்புறம் காதலிக்கிறான். கொடுமைப்படுத்துனவனே எப்படி ஹீரோ ஆனான்னு கேக்காதீங்க, அது தனி பட்டிமன்றம்.

இது புதுக் கதையும் இல்ல. 1992ல ஜப்பான்ல காமிக்ஸா ஆரம்பிச்சு, 2001ல தைவான்ல மீட்டியோர் கார்டனா வந்து இங்க நம்ம அக்காமாரெல்லாம் ரூம் செவுத்துல போஸ்டர் ஒட்டுனாங்க, அப்புறம் 2005ல ஜப்பான், அப்புறம் கொரியா, 2018ல சைனா. பாஷை மாறுது, ஹீரோ ஹேர்ஸ்டைல் மாறுது, அந்தப் பொண்ணு மட்டும் இன்னும் ஏழையாவே இருக்கா!

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்தத் தொடர்ல ஒரு சீன். பையனோட அம்மா பொண்ணு வீட்டுக்கே வந்து, என் மகன விட்டுடச் சொல்லுங்கன்னு பணத்த நீட்டுவாங்க. ஜான் டியோட அம்மா உள்ள போய் உப்ப எடுத்துட்டு வந்து அந்தம்மா தலையில கொட்டுவாங்க பாருங்க, நானும் கைதட்டுனேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த உப்புலதான் ஐயா ஏமாத்து வேலையே இருக்கு. வசதி வித்தியாசம்ங்கிறத தூக்கி ஒரே ஒரு கெட்ட பொம்பளை மேல வச்சிட்டாங்க. அவங்க தோத்துட்டா வித்தியாசமும் போச்சு, கதை முடிஞ்சுது. நம்ம சீரியல் மாமியாருக்குக் கொஞ்சம் கொரியன் மேக்கப், அவ்வளவுதான்.

நெசத்துல எப்படி நடக்குதுன்னு சொல்றேன். நம்ம சிங்கப்பூர்ல தங்களோட ஸ்கூல்ல தமிழ் கிளாஸ் இல்லாத புள்ளைங்க பள்ளி முடிஞ்சு பீட்டி ரோட்டுல இருக்க உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய் படிக்கிறாங்க, உங்களுக்கே தெரியும். பல ஸ்கூல் புள்ளைங்க ஒரே வகுப்புல உக்காருற எடம், அதுல எனக்கு சந்தோஷம்தான். ஆனா ஒவ்வொருத்தரும் அவங்க ஸ்கூல் யூனிஃபார்ம்லதான் வருவாங்க, சட்டை கலரப் பாத்தே இவன் தொடக்கப்பள்ளி முடிக்கிறப்ப எழுதுற பிஎஸ்எல்இ பரீட்சைல எவ்வளவு எடுத்திருப்பான்னு கணக்கு போட நம்ம புள்ளைங்களுக்கு மூணு செகண்டு போதும்.

எங்க அக்கா பையன் அங்க போனான். உட்லண்ட்ஸ்ல மூணு ரூம் அடுக்குமாடி வீடு. அவனுக்குப் பிடிச்ச பொண்ணு பணக்காரங்க இருக்குற புக்கிட் தீமா பக்கம் தரை வீடு, ஓ லெவல் பரீட்சையே எழுதாம நேரா ஜூனியர் காலேஜ் போற ஸ்கூல். பொண்ணு தங்கமான பொண்ணு. அவங்க அம்மா அதுக்கு மேல, வீட்டுக்குப் போனா சாப்பிடாம அனுப்ப மாட்டாங்க. அப்ப பிரச்சினை எங்க? கிளாஸ் முடிஞ்சு கூட்டமா ஒரு கஃபேக்குப் போறாங்க, இவன் தண்ணி மட்டும் குடிச்சிட்டு வர்றான், ராத்திரி குரூப்ல மெசேஜ் வருது, பில்ல சமமா பிரிச்சிட்டோம், ஆளுக்கு 24 வெள்ளி, ஃபோன்லயே பேநௌல பணத்த அனுப்பிடுங்கன்னு ஒரு சிரிப்பு ஸ்மைலியோட. யாரும் அவன அவமானப்படுத்தல. யாருக்கும் தோணவே இல்ல, அவ்வளவுதான்.

சனிக்கிழமை வர்றியான்னு அந்தப் பொண்ணு கேக்குது. சனிக்கிழமை இவன் பிளாக்குக்குக் கீழ பரோட்டா கடைல தே தாரிக் ஆர்டர் எடுத்துட்டு டேபிள் தொடச்சிக்கிட்டு இருப்பான். அதச் சொல்ல வாய் வரல, டியூஷன் இருக்குன்னு சொல்லிட்டான், சிங்கப்பூர்ல யாரும் மறு கேள்வி கேக்காத காரணம் அது ஒண்ணுதானே! அந்தப் பொண்ணு உடனே, அட எந்த சென்டர், நல்லா சொல்லிக் குடுப்பாங்களா, நானும் சேர்றேன்னு கேட்டுச்சாம்.

இப்ப எதிரணி அண்ணன் சொல்லட்டும், உப்பு டப்பாவ கைல வச்சிக்கிட்டு யாரு தலையில கொட்டுறது?

அந்த ஜான் டியும் வேலை பாக்குறவதான், தோழியும் அவளும் ஒரு கஞ்சிக் கடைல பார்ட் டைம். ஆனா பணக்காரப் பசங்க கூப்பிட்ட உடனே ரெண்டு பேரும் நியூ கலிடோனியா தீவுக்குப் போய் கடல்ல குளிக்கிறாங்க, அவ அப்புறம் சைனா பக்கம் மக்காவ் நகரத்துக்கும் போறா, நான் கேக்குறேன், கஞ்சிக் கடைக்கு யாரு லீவு குடுத்தா? கடைல இருக்க ரெண்டு புள்ளையும் போயிட்டா கஞ்சிய யாரு ஊத்துனது? சிரிக்கிறீங்க, ஆனா எங்க அக்கா பையன் ஒரு சனிக்கிழமை லீவு போட்டா அந்த மாசம் அவன் ஃபோன் பில்லு அவன் கட்ட முடியாது. ஏழைக்கு மொதல்ல பத்தாம போறது நேரம். அத மட்டும் எந்தத் தொடரும் காட்ட மாட்டேங்குது.

அண்ணன் இன்னொண்ணும் சொன்னாரு, இங்க முக்கால்வாசிப் பேருக்கு மேல அரசாங்கம் கட்டுன வீவக அடுக்குமாடி வீடு, கொரியா மாதிரி இல்லன்னு. 2017 டிசம்பர்ல நம்ம கொள்கை ஆய்வுக் கழகம் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, யாரு யாரோட பழகுறாங்கன்னு. இனத்த விட, மதத்த விட, எந்த மாதிரி வீடு, எந்த மாதிரி ஸ்கூல்ங்கிறதுலதான் பிரிவு கூர்மையா இருக்குன்னு வந்துச்சு. 2024ல இருந்து உயர்நிலைப்பள்ளில மார்க்க வச்சுப் பிரிச்ச எக்ஸ்பிரஸ், நார்மல்ங்கிற பேரெல்லாம் எடுத்து ஜி1, ஜி2, ஜி3னு வேற வேற பாட நிலைல படிக்கிற புள்ளைங்கள ஒரே வகுப்புல கலந்து உக்கார வைக்கிறாங்க, நல்ல விஷயம், நான் குத்தம் சொல்ல வரல. அது ஒரே ஸ்கூலுக்குள்ள. ரெண்டு வேற ஸ்கூலு, ரெண்டு வேற வீடு?

வெறும் பொழுதுபோக்குதானேம்பாங்க. சரி பாருங்க, ஆனா அதப் பாத்து வளர்ற புள்ள என்ன நெனைக்கும்? அங்க காதல் நெசமா இருந்தா எல்லாம் சரியாயிடுது, கடைசி எபிசோடுல ஹீரோ நாலு வருஷம் கழிச்சு ஹெலிகாப்டர்ல கடற்கரைல வந்து எறங்குறான். அப்ப என் கதை நின்னுபோச்சுன்னா என் காதல்தான் பத்தலன்னு அது தன் மேலயே பழியப் போட்டுக்கும். எங்க அக்கா பையன் அப்படித்தான் சொல்றான், நான் சரியா இல்ல சித்தின்னு. பழி போட 24 வெள்ளிய விட்டுட்டான், பரோட்டா கடைய விட்டுட்டான், தன்னப் புடிச்சிக்கிட்டான்.

மணி அடிச்சிட்டாங்க, ஒரே நிமிஷம் ஐயா. அடுத்து எதிரணில பேச வர்ற தங்கச்சி நம்பிக்கை, நம்பிக்கைன்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பதில் சொல்லணும். எந்த சென்டர்னு அந்தப் பொண்ணு கேட்ட மெசேஜ் ப்ளூ டிக்கோட இன்னும் அப்படியே கெடக்கு, 25 எபிசோடு பாத்தீங்களே, அதுல எந்த எபிசோடப் பாத்து அவன் ரிப்ளை பண்றது? நன்றி, வணக்கம்.