அடைப்புக்குறி போடாத கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். நான் கல்லூரியில் பி.காம். பிள்ளைகளுக்கு வணிகப் புள்ளியியல் எடுக்கிறவன். என் வகுப்புக்கு வருகிற பலர் பத்தாம் வகுப்போடு கணக்குக்குப் பெரிய கும்பிடு போட்டவர்கள். பிளஸ் ஒன்னில் வணிகவியல் பிரிவு எடுத்து, வணிகக் கணிதத்துக்குப் பதில் கணினிப் பாடம் படித்தால், இரண்டு வருஷம் எக்ஸ், ஒய் முகத்திலேயே விழிக்காமல் இருந்துவிடலாம். கல்லூரிக்கு வந்தால் அதே எக்ஸ், தலையில் ஒரு கோட்டையும் போட்டுக்கொண்டு, 'சராசரி' என்று பெயர் மாற்றிக்கொண்டு நிற்கிறது. எக்ஸ், ஒய் போடுகிற இயற்கணிதம் சரியாக வராதவர்களும் நேராகப் புள்ளியியல் படிக்கலாமா என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு வருஷம், வீட்டிலிருந்து ஐந்து எண்கள் எடுத்து வரச் சொன்னேன். ஒரு மாணவியின் அம்மா கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை விற்ற மாலைகள்: 4, 6, 8, 10, 12. வெள்ளிக்கிழமை கூட்டம் உங்களுக்கே தெரியும். சராசரி 8. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்கிற திட்ட விலக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால், கால்குலேட்டரோடு எழுந்து வந்தாள்.

"சார், பூஜ்யம் வருது. ஆனா அஞ்சு நாளும் வேற வேற வித்திருக்கே, எப்படி சார் பூஜ்யம் வரும்?"

கால்குலேட்டரை வாங்கிப் பார்த்தேன். 4-லிருந்து 8 போனால் மைனஸ் 4. அதன் வர்க்கம் 16. அவள் மைனஸ், 4, வர்க்கம் என்று வரிசையாக அழுத்தியிருக்கிறாள். அந்த இயந்திரம் முதலில் 4-ஐ வர்க்கமாக்கி, பிறகு மைனஸை ஒட்டி, மைனஸ் 16 என்றது. 6-க்கும் அதே கதை, மைனஸ் 2-இன் வர்க்கம் மைனஸ் 4 என்றது. இந்தப் பக்கம் மைனஸ் 16, மைனஸ் 4. அந்தப் பக்கம் 4, 16. கூட்டினால் கச்சிதமாகப் பூஜ்யம். மைனஸ் எண்கள் இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் கூட்டுத்தொகை 40, அதை ஐந்தால் வகுத்தால் 8, வர்க்கமூலம் 2.83. திட்ட விலக்கம் ஏறக்குறைய மூன்று மாலை.

அந்தப் பெண்ணுக்குப் புள்ளியியல் தெரியுமா, தெரியாதா? எண்கள் சிதறிக் கிடக்கும்போது சிதறல் பூஜ்யமாக இருக்காது என்று அவளே பிடித்துவிட்டாள். புள்ளியியல் மூளை என்பது அதுதான். இல்லாமல் போனது ஓர் அடைப்புக்குறி. அதற்காக அவளை ஒரு பருவம் முழுக்க உட்கார வைத்து, "முதலில் இயற்கணிதத்தை முடி, பிறகு புள்ளியியலுக்கு வா" என்று சொல்லலாமா?

அமெரிக்காவில் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நுழைவில் வைக்கும் கணக்குத் தேர்வில் தோற்றால், பட்டத்துக்குக் கணக்கில் வராத இயற்கணித வகுப்பில் போடுவார்கள். பலர் அந்த வகுப்போடு படிப்பையே விட்டுவிட்டார்கள். 2013-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகளில் ஒரு சோதனை நடந்தது. இயற்கணிதத்தில் பின்தங்கியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மாணவர்களைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வெறும் இயற்கணிதம். இன்னொன்றுக்கு இயற்கணிதத்தோடு வாராந்தரப் பயிற்சி வகுப்பு. மூன்றாவது பிரிவை நேராகப் புள்ளியியல் வகுப்பிலேயே உட்கார வைத்து, கூடவே வாராந்தரப் பயிற்சி. தேறியவர்கள் முதல் பிரிவில் சுமார் 39 சதவீதம், இரண்டாவதில் 45, மூன்றாவதில் 56. மேலே இருக்கிற பாடத்தில்தான் கூடுதல் பேர் தேறியிருக்கிறார்கள்! பாடங்களே வேறு வேறு, அதனால் இரண்டு தேர்ச்சியும் ஒன்றல்ல என்று ஒருவர் வாதாடலாம், நியாயம்தான். ஆனால் நுழையவே தகுதியில்லை என்று நிறுத்தப்பட்டவர்களில் பாதிக்கு மேல் தேறினார்கள் என்பதை மறுக்க முடியாது. குலுக்கிப் பிரித்ததால்தான் அந்த முடிவை நம்ப முடிகிறது என்பதும் புள்ளியியலில் ஒரு பாடம். மாணவர்களை இப்படி ஒதுக்கி நிறுத்துவதைக் குறைக்கக் கலிபோர்னியா 2017-இல் சட்டமே கொண்டுவந்தது.

என் வகுப்பில் இப்போது வழக்கம் இதுதான். எந்த நாளுக்கு எந்த இயற்கணிதம் வேண்டுமோ, அன்றைக்கு அந்த இயற்கணிதம், இருபது நிமிஷம். கூட்டச் சொல்கிற சிக்மா குறி வருகிற அன்று, 2, 3, 5 என்று மூன்று எண்களை எழுதுவேன். வர்க்கமாக்கிக் கூட்டினால் 38. கூட்டி வர்க்கமாக்கினால் 100. இரண்டும் ஒன்றில்லை என்று கையால் போட்டுப் பார்த்தவன் இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று அளக்கிற ஒட்டுறவுக் கெழுவின் சூத்திரத்தில் தடுமாற மாட்டான்.

இன்னொரு நாள், எல்லோருக்கும் 5 மதிப்பெண் சும்மா போடுகிறேன் என்பேன். கைதட்டுவார்கள். சராசரி 5 ஏறும், சரி, திட்ட விலக்கம்? ஏறும் என்று பாதி வகுப்பு சொல்லும். எக்ஸோடு 5-ஐக் கூட்டி, சராசரியோடும் 5-ஐக் கூட்டி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 5 அடிபட்டுப் போகிறது. பத்தாம் வகுப்பில், எல்லா எண்ணிலிருந்தும் ஊகித்த ஒரே எண்ணைக் கழித்துக் கணக்குப் போடுகிற ஊகச் சராசரி முறை என்று மனப்பாடம் செய்தார்களே, அது ஏன் வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் பலருக்குப் புரிகிறது. அந்தப் புத்தகத்தில் புள்ளியியல் கடைசிப் பாடம். பள்ளியில் அவசர அவசரமாக ஓட்டியிருப்பார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

எல்லோருக்கும் இது போதும் என்று சொல்ல வரவில்லை. பி.எஸ்சி. புள்ளியியல் படிக்கப் போகிறவருக்கு நுண்கணிதமும் அணிகளும் வேண்டும், குறுக்குவழி கிடையாது. கடைக் கணக்கும் கருத்துக்கணிப்பும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியவருக்குத்தான் இது.

கருத்துக்கணிப்பு என்றதும் அந்தப் பூக்கடைப் பெண் மறுபடி ஞாபகத்துக்கு வருகிறாள். கல்லூரிப் பேருந்து பற்றி நூறு பேரிடம் கேட்டு வந்திருந்தாள். நூறு பேர் என்றால் பிழை கூடக் குறைய 10 சதவீதம் வரும் என்று காட்டினேன். அதை 5 ஆக்க எத்தனை பேர் என்று கேட்டேன். பிழைச் சூத்திரத்தில், வகுக்கிற இடத்தில் ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலம் இருக்கிறது. தானே போட்டுப் பார்த்தாள். இருநூறு வரவில்லை, நானூறு வந்தது.

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். பிறகு, "சார், நூறே இருக்கட்டும். பத்து சதவீதம் பிழை இருக்குன்னு கீழே எழுதிடறேன்" என்றாள்.

முழு மதிப்பெண் போட்டேன். நன்றி, வணக்கம்.