பெஞ்சுல பதினோரு பேர்

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குளிர்ல, ரோடு முழுக்க ஐஸா கெடக்குறப்ப காரை ஸ்டார்ட் பண்ணி இங்க வந்து உக்காந்திருக்கீங்க, ரொம்ப நன்றி. மினசோட்டாவுல பிப்ரவரி கடைசின்னா ஹைஸ்கூல் ஐஸ் ஹாக்கில, மார்ச்ல நடக்குற ஸ்டேட் டோர்னமெண்டுக்குத் தகுதி பெறுறதுக்கான செக்‌ஷன் மேட்ச் நடக்குற நேரம்னு உங்களுக்கே தெரியும், உங்க பசங்க டின்னர் டேபிள்ல வேற எதையும் பேச மாட்டாங்க, அதனாலதான் பொங்கல் விழா பேச்சு மாதிரி இல்லாம இந்தத் தடவை ஹாக்கி பத்திப் பேசுறேன்னு நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்.

போன மாசம் எங்க ஸ்கூல் ரிங்க்ல ஒரு மேட்ச். எங்களுது பெரிய சபர்ப் ஸ்கூல், வருஷா வருஷம் நல்லா ஆடுற டீம். எதிர்ல வந்தது வடக்கே இருந்து, நாலஞ்சு சின்ன ஊர் ஸ்கூல் சேர்ந்து போட்ட ஒரே டீம், ஜெர்சில ஊர் பேரை எழுதவே எடம் பத்தாது. வார்ம்-அப்ல சும்மா எண்ணிப் பார்த்தேன். எங்க பக்கம் ஸ்கேட்டர் மட்டும் 18 பேர், கோலி, அதாவது கோல்கீப்பர், ரெண்டு பேர். அவங்க பக்கம் 11 ஸ்கேட்டர், ஒரே ஒரு கோலி. அந்தக் கோலிக்கு அடிபட்டா மாத்த ஆளே கிடையாது.

முதல் பீரியட் 1-1. நம்பவே முடியல, அவ்ளோ நல்லா ஆடினாங்க. ரெண்டாவது பீரியட் முடியிறப்ப 3-2, எங்க பக்கம். மூணாவது பீரியட்ல கடகடன்னு நாலு கோல் போச்சு, 7-2ல முடிஞ்சுது. அந்த மூணாவது பீரியட்ல என்ன நடந்துச்சுன்னு நான் கவனிச்சுப் பார்த்தேன், ஏன்னா நான் பேச வந்த விஷயமே அதுக்குள்ளதான் இருக்கு. ஹாக்கில ஒரு பையன் ஐஸ்ல இறங்கினா முழு வேகத்துல 40, 45 செகண்ட்தான் ஆட முடியும், உடனே பெஞ்சுக்கு வந்து அடுத்தவனை அனுப்பணும், இதுக்குப் பேருதான் ஷிஃப்ட். சேர்ந்து இறங்குற ஒரு செட்டுக்கு லைன்னு பேரு. மூணு லைன் இருக்கிற டீம்ல ஒரு ஷிஃப்ட் ஆடிட்டு ரெண்டு ஷிஃப்ட் உக்காரலாம். ரெண்டு லைன்தான்னா மூச்சு வாங்கி முடிக்கிறதுக்குள்ள மறுபடி இறங்கணும். அந்த டீம்ல 4ஆம் நம்பர் போட்ட ஒரு டிஃபென்ஸ் பையன், விசில் அடிக்கிறப்பல்லாம் ஸ்டிக்கை முழங்கால் மேல குறுக்க வச்சு அப்படியே குனிஞ்சு நிப்பான், ஹெல்மெட் கம்பி வழியா ஆவி புசுபுசுன்னு வருது, மறுபடி பக், அதாவது அந்த ரப்பர் வட்டு, விழுந்தா நிமிர்ந்து போறான். எனக்கு ரெண்டு சீட் தள்ளி அந்தப் பையனோட அம்மா, மடியில தெர்மாஸ். கொஞ்சம் ரெஸ்ட் குடுக்கக் கூடாதான்னு நான் கேட்டேன். "குடுக்கலாம், இறக்கி விட வேற பையன் வேணுமே"ன்னாங்க. திரும்பிப் போக மூணரை மணி நேர பஸ் பயணம், மறுநாள் ஸ்கூல் வேற.

எங்க பசங்க ஜெயிச்சது சந்தோஷம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. திறமையில தோத்தாங்கன்னா ஓகே. அவங்க தோத்தது ஆள் பத்தாம.

இப்ப கொஞ்சம் பழைய கதை சொல்றேன், பொறுத்துக்கோங்க. இந்த மாநிலத்துல ஸ்டேட் டோர்னமெண்ட் 1945ல ஆரம்பிச்சுது, முதல் வருஷம் ஜெயிச்சது எவலெத். அயர்ன் ரேஞ்ச்ல இரும்புச் சுரங்கத் தொழிலாளிங்க இருந்த ஊரு. 1948ல இருந்து 1951 வரைக்கும் தொடர்ந்து நாலு தடவை கப்பு அங்கதான் போச்சு, 69 மேட்ச் தோக்காம ஆடியிருக்காங்க. ஜான் மேயசிச்னு ஒரு பையன், 1951 டோர்னமெண்ட்ல மட்டும் 15 கோல். அப்பல்லாம் சின்ன ஊரு பெரிய ஊருன்னு பிரிவே கிடையாது, எல்லாரும் ஒரே டோர்னமெண்ட். எவலெத் ஏன் ஜெயிச்சுதுன்னா அங்க உள்ளரங்க ஐஸ் இருந்துச்சு, வெளிய ஏரி பூரா ஐஸ், ஊர்ல இருக்கிற எல்லாப் பசங்களும் ஸ்கேட் பண்ணாங்க. அன்னைக்கு பெரிய ஊர்ப் பசங்களுக்குக் கூட அந்த அளவு ஐஸ் கிடைக்கல.

அந்த எவலெத் டீம்ல கோலியா நின்னவர் வில்லர்ட் ஐகோலா. 1956 ஒலிம்பிக்ல வெள்ளி வாங்கின அமெரிக்க டீம்லயும் அவர்தான் கோலி. அவர் 1958ல மினியாபொலிஸ் பக்கத்துல இருக்கிற ஈடைனாவுக்குக் கோச்சா போறாரு. 1965ல ஈடைனா பிரேமர் அரீனாவைக் கட்டுது, சபர்ப் வளருது, இளம் குடும்பங்க வந்து குவியுது, காசு இருக்கு, ஐஸ் இருக்கு, கூடவே வடக்கோட வித்தையை முழுசா கத்து வச்சிருந்த ஒரு கோச்சும் இருக்காரு. 33 சீசன், எட்டு ஸ்டேட் டைட்டில். நான் இதை நெனைக்கிறப்பல்லாம் மனசு ஒரு மாதிரி ஆயிடும், ஏன்னா சின்ன ஊரை ஜெயிச்ச பெரிய டீமைக் கட்டினதே சின்ன ஊர்ப் பையன்தான். சுரங்க வேலை கொறையக் கொறைய ஜனங்க தெற்க வந்தாங்க, ஹாக்கியும் அவங்க கூடவே வந்துருச்சு. எவலெத் ஸ்கூல் முதல்ல கில்பர்ட்டோட சேர்ந்துச்சு, இப்ப வர்ஜினியாவோடயும் சேர்ந்து ராக் ரிட்ஜ்னு ஆயிருச்சு. "எலி வளையானாலும் தனி வளை"ன்னு நம்ம சொல்வோம், அந்தத் தனி வளை கூட மிஞ்சல.

ஐகோலாவோட முதல் டைட்டில் 1969. அந்த ஃபைனல் பத்தி இங்க வயசானவங்க யார்கிட்ட கேட்டாலும் அரை மணி நேரம் பேசுவாங்க. எதிர்ல வாரோட். கனடா பார்டர்ல இருந்து பத்து நிமிஷ டிரைவ், ஊர் ஜனத்தொகை மொத்தமே ரெண்டாயிரத்தைத் தாண்டாது. அந்த டீமோட உயிர் ஹென்றி பூச்சா, ஒஜிப்வே பழங்குடிப் பையன், டிஃபென்ஸ் ஆடுவாரு, ஐஸை விட்டு இறங்கவே மாட்டாரு. ப்ளூமிங்டன் மெட் சென்டர் நெறஞ்சு வழியுது, பாதிக்கு மேல ஜனம் வாரோட் பக்கம். ரெண்டாவது பீரியட்ல பூச்சா அடி வாங்கி, ரிங்கைச் சுத்தி இருக்கிற போர்டுல மோதி விழுந்தாரு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அவர் இல்லாமலே வாரோட் பசங்க எட்டிப் பிடிச்சு 4-4 ஆக்கினாங்க. ஓவர்டைம்ல 5-4, ஈடைனா. பூச்சா பின்னாடி ஒலிம்பிக் வெள்ளி வாங்கினாரு, என்எச்எல்ங்கிற புரொஃபஷனல் லீக்ல ஆடினாரு, 2023ல காலமானாரு, ஆனா ஜனங்க அவரை ஞாபகம் வச்சிருக்கிறது அந்த மார்ச் மாசத்துக்காக.

நீங்க கேக்கலாம், இது அநியாயம், சின்னது சின்னதோட பெருசு பெருசோட ஆட விட வேண்டியதுதானேன்னு. அதைத்தான் பண்ணாங்க. 1992, 93ல ரெண்டு டியரா, அதாவது ரெண்டு அடுக்கா, பிரிச்சாங்க, அது சரிப்படல, 1994ல இருந்து ஸ்கூல்ல எத்தனை பசங்க படிக்கிறாங்கன்னு எண்ணி, பெருசுக்கு டபுள் ஏ, சின்னதுக்கு கிளாஸ் ஏ. நான் இதை எதிர்க்கல. வடக்க இருக்கிற எத்தனையோ ஊர்ப் பசங்க செயின்ட் பால் அரீனாவுல விளையாடினது இதனாலதான். வாரோட்டே 1994, 96, 2003, 2005ல கப்பு வாங்குச்சு, 2005 டீம்ல பின்னாடி என்எச்எல் ஆடின டி.ஜே. ஓஷி இருந்தாரு.

ஆனா தலையை எண்றதுல ஒரு ஓட்டை இருக்கு. ஒரு பணக்கார தனியார் ஸ்கூல்ல பசங்க எண்ணிக்கை கம்மியாதான் இருக்கும், கணக்குப்படி சின்ன ஸ்கூல். ஆனா அவங்க ஒரு ஊர்ல இருந்து மட்டும் ஆள் எடுக்கல, மொத்த மெட்ரோ ஏரியாவுல இருந்தும் எடுக்கலாம். 2011, 2012, 2013 மூணு வருஷமும் கிளாஸ் ஏ ஃபைனல்ல செயின்ட் தாமஸ் அகாடமிங்கிற தனியார் ஸ்கூல், டுலூத் பக்கத்துல இருக்கிற ஹெர்மன்டவுனை ஜெயிச்சுது. 2013ல 5-4, ஆட்டம் முடிய சில செகண்ட்தான் இருந்துச்சு. ஹெர்மன்டவுன் கோச் வெளிப்படையாவே பேசினாரு, செயின்ட் தாமஸ் மேல் கிளாஸ்ல ஆட வேண்டிய டீம்னு. செயின்ட் தாமஸும் அடுத்த சீசன்ல டபுள் ஏவுக்குப் போயிட்டாங்க. அப்புறம் 2016, 2017ல ஹெர்மன்டவுன் கப்பு வாங்குச்சு, உடனே மத்த சின்ன ஊர்க்காரங்க ஹெர்மன்டவுனைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டாங்க. இதுல யாரையும் நான் குத்தம் சொல்லல, அவங்க எல்லாரும் விதிப்படிதான் ஆடினாங்க, அளவுகோல்தான் தப்பு.

இன்னொரு பக்கம் பாருங்க. மினியாபொலிஸ் சிட்டி. ஸ்கூல்ல ஆயிரக்கணக்குல பசங்க. தலைக் கணக்குன்னா ராட்சசன். ஆனா சிட்டியோட பப்ளிக் ஸ்கூல் எல்லாம் சேர்ந்து ஒரு டீம் போட்டுத்தான் 2022ல ஸ்டேட் டோர்னமெண்டுக்கு வர முடிஞ்சுது, அதுவும் கிளாஸ் ஏல, அதுக்கு முன்னாடி சிட்டில இருந்து ஒரு டீம் வந்தது 1994ல எடிசன். செயின்ட் பால் ஜான்சன் ஸ்கூல் நாலு டைட்டில் வாங்கின ஸ்கூல், 1980 ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின டீமோட கோச் ஹெர்ப் ப்ரூக்ஸ் 1955ல அங்க ஆடினவரு. இன்னைக்கு அந்த ஈஸ்ட் சைட் வீடுகள்ல ஒரு குடும்பத்தால 300 டாலர் போட்டு ஒரு ஸ்டிக் வாங்க முடியுமா? டோர்னமெண்ட் நடத்துற ஹைஸ்கூல் லீக்குக்கும் இது தெரியும், இலவச மதிய சாப்பாடு வாங்குற பசங்க எண்ணிக்கையில ஒரு பகுதியைக் கழிச்சுட்டுத்தான் கிளாஸ் பிரிக்கிறாங்க. நல்ல விஷயம், ஆனா கழிச்சா கிளாஸ் மாறும், ஐஸ் வந்துராது.

வாரோட்டுக்கு வர்றேன். நான் ரெண்டு வருஷம் முன்னாடி பையனைக் கூட்டிட்டு அங்க போயிருந்தேன், ஆறு மணி நேரத்துக்கு மேல டிரைவ். கார்டன்ஸ்னு அரீனா. ஸ்கூல் விட்டு மூணு மணிக்கு மேல கதவு தொறந்து கெடக்கு, ஆறு வயசுல இருந்து பதினேழு வயசு வரைக்கும் பசங்களும் பொண்ணுங்களும் பையைத் தூக்கிட்டு வர்றாங்க, யாரும் கையெழுத்து கேக்கல, காசு கேக்கல. அங்க பசங்களுக்கு ஐஸ் ஃப்ரீ. ஊர்ல இருக்கிற மார்வின் ஜன்னல் கம்பெனியும் ஊர் ஜனமும் சேர்ந்து பண்ணின ஏற்பாடு, ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரிதான். ஒரு மூலையில பெரிய பொண்ணு ஒருத்தி, ஸ்கூல் டீமோட வர்சிட்டி ஜாக்கெட், தரையில மண்டி போட்டு ஒரு சின்னப் பையனுக்கு லேஸ் கட்டி விடுறா, குதிகால் நல்லா பின்னாடி போக பிளேடைத் தரையில ரெண்டு தட்டுத் தட்டி, மேல் மூணு ஓட்டையை மட்டும் இறுக்கி. அவ தம்பியான்னு கேட்டேன், இல்ல, யாரோ தெரியலன்னா. 1960, 1980, 2018ன்னு மூணு ஒலிம்பிக் தங்கத்துலயும் அந்த ஊர் ஆளுங்க இருக்காங்கன்னா அது சும்மா வரல. பக்கத்து ஊரு ரோசோ, மூவாயிரம் பேர் கூட இல்ல, அவங்க வேணும்னே டபுள் ஏல ஆடி 1999லயும் 2007லயும் பெரிய ஸ்கூலையெல்லாம் ஜெயிச்சுக் கப்பு வாங்கினாங்க. கிளாஸ் ஏல ஆடி சுலபமா வாங்கியிருக்கலாம். ஆடல.

அதனால என் கருத்து இதுதான், ஒத்துக்காதவங்க அப்புறம் டீ குடிக்கிறப்ப சண்டை போடலாம். ரெண்டு கிளாஸ் இருக்கட்டும். ஆனா தொடர்ந்து ஜெயிக்கிற ஸ்கூல், அது தனியாரா இருந்தாலும் பப்ளிக்கா இருந்தாலும், தானா மேல போகணும், இண்டியானால அப்படி ஒரு விதி பல விளையாட்டுக்கு இருக்கு. சின்ன ஊர் மேல ஆடணும்னு ஆசைப்பட்டா அந்தக் கதவை யாரும் சாத்தக் கூடாது. ஹாக்கில ஒரு நல்ல கோலி அன்னைக்கு நின்னுட்டா 40 ஷாட் வந்தாலும் கலங்க வேண்டாம், சின்ன டீமுக்கு இந்த விளையாட்டு குடுக்குற வாய்ப்பு கூடைப்பந்து கூட குடுக்காது, அந்த வாய்ப்பைப் பிடுங்கிட்டா மார்ச் மாசத்துக்கு என்ன அர்த்தம். அப்புறம் முக்கியமா, எட்டு வயசுல ஸ்கேட் போடாத பையன் பதினாறு வயசுல பெஞ்சுல உக்கார மாட்டான். அந்த 4ஆம் நம்பர் பையனுக்கு மாத்து ஆள் இல்லாமப் போனது அந்த வருஷம் நடந்தது இல்ல, பத்து வருஷம் முன்னாடி அந்த ஊர்ல யாரோ ரெண்டு பசங்களுக்கு ஸ்கேட் கிடைக்காதப்பவே நடந்துருச்சு.

நாங்க ஆறு குடும்பம் சேர்ந்து பழைய ஸ்கேட்டெல்லாம் சேர்த்திருக்கோம், ஹால் பின்னாடி மூணு பெட்டியில இருக்கு, எல்லாத்துக்கும் பிளேடு தீட்டியாச்சு. உங்க பக்கத்து வீட்டுல, உங்க ஸ்கூல்ல, வாங்க முடியாத பசங்க யாராவது இருந்தா எடுத்துட்டுப் போங்க. ஷூ சைஸை விட ஒண்ணு சின்னதா எடுங்க, பெருசா எடுத்தா கணுக்கால் ஆடும், பையன் முதல் நாளே விழுந்து அழுது திரும்பி வர மாட்டான். ஞாயித்துக்கிழமை காலைல ஆறே முக்கால்ல இருந்து எட்டு வரைக்கும் ஐஸ் எடுத்திருக்கோம், காசு கட்டியாச்சு, சும்மா கூட்டிட்டு வாங்க, லேஸ் கட்டி விட நான் இருப்பேன்.