களை எது, பயிர் எது? தூக்குத் தண்டனை பற்றி ஒரு விளக்கம்

[காட்சி: நீடாமங்கலம் பக்கம் ஒரு குறுவை வயல். நட்டு இருபது நாள் ஆன பயிர். பெண்கள் வரிசையாகக் குனிந்து களை பறிக்கிறார்கள்.]

"கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ்
களைகட் டதனொடு நேர்."

திருக்குறள், செங்கோன்மை அதிகாரம், 550வது குறள். தூக்குத் தண்டனை வேணும்னு வாதாடுறவங்க கடைசியா எடுத்து விடுற அஸ்திரம் இதுதான். கொலைகாரனை அரசன் ஒழிக்கிறது, பயிரைக் காப்பாத்தக் களையெடுக்கிற மாதிரி. வள்ளுவரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன பேச்சு?

பேச்சு இருக்கு. வயல்ல நிக்கிற இந்த அக்காமார்களைக் கேட்டாலே சொல்வாங்க.

[காட்சி: நெல்லும் குதிரைவாலிப் புல்லும் பக்கத்துப் பக்கத்தில், நெருக்கமாக.]

குதிரைவாலிப் புல் இளசா இருக்கும்போது அச்சு அசல் நெல்லு மாதிரியே நிக்கும். இலையும் தாளும் சேர்ற இடத்துல நெல்லுக்குச் சவ்வு மாதிரி ஒரு சின்ன நாக்கு உண்டு. புல்லுக்குக் கிடையாது. அதைப் பார்த்துத்தான் பிடுங்கணும். அவசரப்பட்டா நெல்லும் சேர்ந்து கையோட வந்துடும். வயல்னா திரும்ப ஊணிக்கலாம்.

நம்ம போலீசுக்கும் கோர்ட்டுக்கும் அந்த நாக்கு தெரியுதா? முதல்ல டெல்டாவுக்குள்ளயே பார்ப்போம்.

[காட்சி: கீழ்வெண்மணி நினைவிடம்.]

1968 டிசம்பர் 25. கூலி நெல்லு கொஞ்சம் கூடக் கேட்ட விவசாயத் தொழிலாளிகளோட சேரி. உயிருக்குப் பயந்து ஒரே குடிசைக்குள்ள ஒளிஞ்ச 44 பேர் எரிஞ்சு போனாங்க. பெரும்பாலும் பொம்பளைங்க, குழந்தைங்க. கீழ்க் கோர்ட்டு மிராசுதாரர்கள் சிலருக்குப் பத்து வருஷம் ஜெயில்னு சொன்னுச்சு. 1973ல சென்னை ஹைகோர்ட்டு அதையும் ரத்து பண்ணி விடுதலை செஞ்சுடுச்சு. தீர்ப்புல என்ன சொல்லியிருந்தாங்க தெரியுமா? இவ்வளவு வசதியான மிராசுதாரர்கள், ஒருத்தர் காரே வச்சிருக்கவர், இவங்க தாங்களே நடந்து போய்த் தீ வச்சிருப்பாங்கன்னு நம்ப முடியலையாம்.

அப்ப கொலைக்குத் தண்டனை சொல்ற 302வது பிரிவுல தூக்கு இருந்துச்சா? இருந்துச்சு. யாரோட கழுத்துக்கும் அது போகல. இதைச் சொல்றது அவங்களைத் தூக்குல போட்டிருக்கணும்னு இல்ல. சட்டத்துல கயிறு இருந்தாலே நியாயம் கிடைச்சுடும்னு நம்புறவங்களுக்குச் சொல்றேன்.

இப்ப எதிர்ப்பக்கம் வருவோம். கயிறு போய்ச் சேர்ந்த வழக்கு.

[காட்சி: பூந்தமல்லி தடா நீதிமன்றம். திரையில்: 26]

ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1998 ஜனவரியில தடாங்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்கான கோர்ட்டு 26 பேருக்கும், ஒருத்தரும் பாக்கியில்லாம, மரண தண்டனை கொடுத்துச்சு. தடாவுல நடுவுல ஹைகோர்ட்டு கிடையாது, நேரா சுப்ரீம் கோர்ட்டு. 1999 மே மாசம் அங்க நாலு பேருக்குத்தான் தூக்கு உறுதியாச்சு. மூணு பேருக்கு ஆயுள். மிச்ச 19 பேர் மேல கொலைச் சதிக் குற்றச்சாட்டே நிக்கல. சின்னக் குற்றங்களுக்கு உள்ள இருந்த காலமே போதும்னு விட்டாங்க. இந்த வழக்குக்குத் தடா சட்டமே பொருந்தாதுன்னும் சொன்னாங்க.

அந்த நாலு பேர்ல ஒருத்தர் பேரறிவாளன். குண்டுக்கு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார்னு வழக்கு. 2011 செப்டம்பர் 9ன்னு தூக்குக்கு நாளே குறிச்சாச்சு. ஹைகோர்ட்டு தடை போட்டதால தப்பினாரு. 2013ல, அவரோட வாக்குமூலத்தைப் பதிவு செஞ்ச சிபிஐ அதிகாரியே வெளிய வந்து, பேட்டரி எதுக்குன்னு தனக்குத் தெரியாதுன்னு பேரறிவாளன் சொன்னதை நான் எழுதாம விட்டுட்டேன்னு சொன்னாரு. தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 2014ல தண்டனை குறைஞ்சுது, 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செஞ்சுது.

2015ல சட்ட ஆணையம் தூக்கை ஒழிக்கலாம்னு பரிந்துரை செஞ்சப்போ, பயங்கரவாதம், நாட்டுக்கு எதிராப் போர் தொடுக்கிறது, இந்த வழக்குகளை மட்டும் விலக்கி வச்சுது. எனக்கு அதுதான் புரியல. கோபம் அதிகமா இருக்கிற வழக்குலதான் தப்பும் அதிகமா நடக்குது. "அரிதிலும் அரிது"ன்னு சொல்ற வழக்குல மட்டும்தான் தூக்குன்னு 1980ல சுப்ரீம் கோர்ட்டு அளவுகோல் வச்சுது, சரி. ஆனா அந்த அளவுகோல் ஜட்ஜுக்கு ஜட்ஜு நீளுது, சுருங்குது.

[காட்சி: மன்னார்குடி பேருந்து நிலையம் அருகே ஒரு டீக்கடை.]

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு வாசல்ல நின்னு இதையெல்லாம் பேச எனக்கு வாய் வராது. அவங்க கோபத்துல தப்பே இல்ல. ஆனா அவங்க பயப்படுறது எதுக்கு? "பதினாலு வருஷத்துல வெளிய வந்துடுவான் சார்." டீக்கடையில இதைச் சொல்லாத ஆளே கிடையாது.

அது தப்பு. ஆயுள் தண்டனைன்னா உயிர் இருக்கிற வரைக்கும். மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்துல ஆயுள் வாங்கினவரை, பதினாலு வருஷத்துக்கு முன்னாடி அரசாங்கம் தண்டனையைக் குறைச்சு விடக் கூடாதுங்கிறதுதான் சட்டம். பதினாலு முடிஞ்ச மறுநாள் கதவு தானாத் திறக்காது. அதுக்கும் மேல, சலுகை விடுதலையே இல்லாம சாகுற வரைக்கும் சிறைன்னு ஹைகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் தண்டிக்கலாம்னு 2015 டிசம்பர்ல அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு சொல்லியிருக்கு. அதுவும் இதே ராஜீவ் வழக்குல வந்த தீர்ப்புதான். அடுத்த தடவை யாராவது பதினாலு வருஷம்னு ஆரம்பிச்சா, இந்தத் தீர்ப்புல இருந்து பேச்சைத் தொடங்குங்க.