தானமாக வந்த மாட்டின் பல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

ராப் பாடுகிறவர்களுக்கு இசைத் தயாரிப்பாளர்கள் பீட்டை, அதாவது பாட்டுக்குப் பின்னால் ஓடும் இசையை, இலவசமாகக் கொடுக்க வேண்டுமா, விலைக்குக் கொடுக்க வேண்டுமா என்பது தலைப்பு. விலைக்கே என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு பழமொழி சொல்லிக் கைதட்டல் வாங்கினார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். நடுவர் அவர்களே, அந்த மாட்டைக் கொஞ்சம் மேடைக்கு ஓட்டி வரச் சொல்லுங்கள். பல்லைப் பார்த்துவிடுவோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் பாவம், ராத்திரி பூரா கண் விழித்தார், கரண்ட் பில் கட்டினார் என்று அழுவதற்கு நாங்கள் வரவில்லை. ஓசி பீட்டில் முதலில் அடிபடுகிறவர் ராப்பர்தான். அவருக்காகத்தான் பேச வந்திருக்கிறோம்.

யூடியூபில் ‘டைப் பீட்’ என்று, அதாவது பிரபல ராப்பரின் பாணியில் செய்த பீட்டை, தேடி இறக்கும் இலவசக் கோப்பு பெரும்பாலும் ஒரே ஒரு எம்பி3. கிக், ஸ்னேர், ஹை-ஹேட் என்ற டிரம் சத்தங்கள், 808 என்ற ஆழமான பேஸ், மெலடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, உச்சத்தை அமுக்கும் லிமிட்டர் போட்டு, ஏற்ற முடிந்த மட்டும் சத்தத்தை ஏற்றி வைத்தது. தனியாகக் கேட்டால் ஆளைத் தூக்கும். அதன் மேல் குரலை வைத்துப் பாருங்கள், வைக்க இடமே இருக்காது. குரல் கேட்க வேண்டுமென்று பீட்டைக் குறைத்தால் கூடவே 808-ம் செத்துப்போகும்.

இன்னும் உள்ளே போவோம். ராப்பின் உயிர் வல்லினத்தில் இருக்கிறது. க, ச, ட, த, ப என்று அடித்துப் பேசும் எழுத்துகளின் தெளிவு ஏறக்குறைய 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் கிடக்கிறது. பீட்டில் இருக்கும் பியானோவும் மணிச் சத்தமும் அதே இடத்தில்தான் பாய் விரித்துப் படுத்திருக்கும். ஸ்டெம், அதாவது கருவிக்கொரு கோப்பு, கையில் இருந்தால் மெலடியில் மட்டும் அந்த இடத்தில் 2, 3 டெசிபல் குறைத்தால் போதும். சொல் மேலே வந்துவிடும். ஒட்டிப்போன எம்பி3-இல் அதைச் செய்தால் ஸ்னேரின் அறையும் சேர்ந்து மழுங்கும். கடைசியில் பாட்டு கேட்கிறவர், ‘பையன் என்ன சொல்றான்னே புரியலையே’ என்பார். பழி பையனுடைய தமிழின் மேல் விழும்.

‘இப்போதுதான் ஏஐ பிரித்துக் கொடுக்கிறதே’ என்றார் நண்பர். பிரிக்கும். பிரித்த பிறகு ஹை-ஹேட்டைத் தனியாகக் கேளுங்கள், தண்ணீருக்குள் தட்டுகிற மாதிரி இருக்கும். கிக்கின் வால் 808-இல் ஒட்டிக்கொண்டு வரும். போன் ஸ்பீக்கரில் தெரியாது. திருவிழா மேடையில், ஆளுயர ஸ்பீக்கரில் போட்டால் தெரியும்.

அடுத்தது டேக். தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லும் குரல், இலவசப் பீட்டில் 20 விநாடிக்கு ஒரு தடவை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில், பாருக்கு 4 தட்டாக 16 பார் சரணம் ஓட 43 விநாடி ஆகும். ஒரே சரணத்துக்குள் இரண்டு தடவை அந்தக் குரல் நுழையும். நீங்கள் ராத்திரி முழுக்க யோசித்து எழுதிய பஞ்ச் வரியின் மேலேயே வந்து உட்கார்ந்தாலும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, சத்தத்தை விடுங்கள். உரிமைக்கு வருவோம். நடுவர் அவர்களே, இந்த மாட்டின் சொத்தைப் பல் இங்கேதான் இருக்கிறது.

பக்கத்தில் ‘ஃப்ரீ’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கீழே பொடி எழுத்தில் ‘லாப நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று இருக்கும். ஸ்பாட்டிஃபையில் ஏற்றினாலோ, யூடியூபில் விளம்பரம் ஓடவிட்டாலோ அது லாப நோக்கம். ‘அதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?’ என்பீர்கள். பாட்டு ஓடாதவரைக்கும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஓடினால்?

எதிரணி பெருமையாகக் காட்டிய உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். லில் நாஸ் எக்ஸின் ‘ஓல்ட் டவுன் ரோட்’. 2018-இல் வந்து, 2019-இல் அமெரிக்க பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்ற பாட்டு. ‘அந்த பீட் கிட்டத்தட்ட இலவசம்தானே’ என்றார் நண்பர். இல்லை ஐயா. நெதர்லாந்தைச் சேர்ந்த யங்கியோ இணையத்தில் விற்பனைக்கு வைத்திருந்தது, 30 டாலர் கொடுத்து வாங்கியது. தொகை சின்னதுதான். ஆனால் அது கைமாறியதால், யார் செய்தது, யார் வாங்கியது என்பதற்கு ஒரு தடம் இருந்தது. தன் பீட் உலகம் சுற்றுவது பிறகுதான் யங்கியோவுக்கே தெரிந்தது. ஆனாலும் தயாரிப்பாளர் என்று அவர் பெயர் பாட்டில் நிற்கிறது.

அதே பாட்டில் இன்னொரு பாடமும் உண்டு. அந்த பீட்டில் இருந்த பாஞ்சோ மீட்டல், நைன் இன்ச் நெய்ல்ஸ் குழு 2008-இல் வெளியிட்ட ஓர் இசைத்தொகுப்பிலிருந்து வெட்டி எடுத்தது. அந்தத் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது. பகிரலாம், மாற்றலாம், வணிகத்துக்கு ஆகாது. அதாவது அதுவும் ‘ஃப்ரீ’தான்! பாட்டு பெரிதானபோது முறையாக அனுமதி பெற வேண்டி வந்தது. இன்றைக்கு அந்தக் குழுவின் டிரென்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸ் இருவருடைய பெயரும் பாட்டின் படைப்பாளர் வரிசையில் இருக்கிறது. பின்னால் பெரிய நிறுவனம் நின்றதால் பேசி முடித்தார்கள். வியாசர்பாடியில் போனில் எடிட் செய்து பாட்டு ஏற்றுகிற தம்பிக்காகப் பேச யார் போவார்கள்?

நம் சட்டத்துக்கு வருகிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 30-ஆம் பிரிவு: உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். ‘மச்சி, எடுத்துக்கோ’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததே எழுத்துதான் என்று வாதாடுவீர்கள். இருக்கட்டும். 19-ஆம் பிரிவு, உரிமத்துக்கும் பொருந்துவது, என்ன சொல்கிறது தெரியுமா? எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு. எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். தமிழ் ராப்புக்கு இது சின்ன விஷயமா? ராப்பர் யோகி பி காலத்திலிருந்து மலேசியாதான் தமிழ் ராப்பின் தாய்வீடு மாதிரி. யாழ்ப்பாணத்தில் கேட்கிறார்கள், டொராண்டோவில் கேட்கிறார்கள். ‘மச்சி, எடுத்துக்கோ’ என்ற இரண்டு சொல்லுக்குக் கடல் தாண்டும் சக்தி கிடையாது.

கன்டென்ட் ஐடி, அதாவது ஒரே சத்தம் இருக்கும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் ஏற்பாடு, அதன் தொல்லையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நேரம் ஓடுகிறது. ஒரே இலவசப் பீட்டை நாலு பேர் இறக்குகிறார்கள். அதில் ஒருவர் பாட்டை ஏற்றும்போது கன்டென்ட் ஐடி கட்டத்தில் டிக் போட்டுவிடுகிறார். அவ்வளவுதான், மற்ற மூன்று பேரின் வீடியோவுக்கும் உரிமைக் கோரல் வரும். மறுத்தால், கோரியவர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். ‘உன்னிடம் என்ன ஆதாரம்?’ என்று கேட்கும்போது காட்ட ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை. தானமாக வந்த மாட்டுக்குச் சந்தைச் சீட்டு ஏது?

‘இலவசமாகக் கொடுத்தால் தயாரிப்பாளருக்கு விளம்பரம் கிடைக்குமே, பெயர் வளருமே, பின்னால் பங்கு வருமே’ என்பது அடுத்த வாதம். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவைகூட ஓடாத பாட்டுக்கு ஒரு பைசா ராயல்டி கிடையாது. வளரும் ராப்பரின் முதல் பாட்டு அந்தக் கோட்டைத் தாண்டாமலே போகலாம். பூஜ்யத்தில் பாதி எவ்வளவு, நடுவர் அவர்களே? கல்யாணத்துக்கு நாதஸ்வரம், தவில் பேசப் போகிறவர் வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைக்கிறார். ‘மொய் நல்லா வந்தா பங்கு தர்றோம்’ என்று யாராவது சொல்வார்களா?

‘பையனிடம் காசு இல்லையே’ என்பதில் மட்டும் நியாயம் இருக்கிறது. அதற்கும் வழி உண்டு. பீட் தனக்கு மட்டுமே என்ற தனியுரிமை வேண்டாம், பலருக்கும் கொடுக்கும் லீஸ் எடுக்கட்டும். இணையத்தில் 20, 30 டாலருக்கே எம்பி3 லீஸ் கிடைக்கிறது. சுருக்காத வேவ் கோப்பும் ஸ்டெம்மும் வேண்டுமென்றால் அதற்கு மேல். பாட்டு ஓடினால் கட்டிய தொகையைக் கழித்துக்கொண்டு தனியுரிமைக்கு மாறலாம் என்று முதலிலேயே ஒரு வரி எழுதிக்கொள்ளட்டும். வீட்டில் பழக, தெருமுனையில் ராப்பர்கள் வட்டமாக நின்று பாடும் சைஃபரில் பாட எந்த பீட்டையும் போட்டுக்கொள்ளட்டும், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து சேர்ந்து செய்தால் அது தானமே இல்லை, கூட்டு. பாட்டு வெளிவருவதற்கு முன்னால் 50-50 என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும். வெளிவந்த பிறகு எழுதப் போனால் நட்பும் போகும், பாட்டும் போகும்.

கடைசியாக ஒன்று, மணியில் கை வைத்துவிட்டீர்கள், தெரிகிறது. காசு வாங்கிய தயாரிப்பாளரைச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். திரும்பத் திரும்ப வரும் இந்த லூப் நீயே வாசித்ததா, ஸ்ப்ளைஸ் என்ற இணையதளத்தில் எடுத்ததா? ஸ்டெம் 24 பிட் வேவில் எங்கே? குரல் சேர உச்சத்தில் 6 டெசிபல் இடம் விட்டாயா? எனக்குத் தனியுரிமை கொடுத்த பிறகும் இது ஏன் இன்னும் உன் பக்கத்தில் விற்பனையில் இருக்கிறது? ஓசியில் வாங்கியவர் இதில் ஒரு கேள்வியைக்கூடக் கேட்க முடியாது. கேட்டால், ‘சும்மாதானே கொடுத்தேன்’ என்ற ஒரே பதில்தான் வரும்.

மாட்டை எதிரணி நண்பரிடமே ஒப்படைத்துவிட்டு அமர்கிறேன். வணக்கம்.