செவஸ்தபோல்: மண் அரணும் மாட்டுவண்டியும்

அவையோர்க்கு வணக்கம். பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி ஆகியவை ரஷ்யாவை எதிர்த்து நடத்திய கிரிமியப் போரைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் பாலக்லாவாவின் குதிரைப்படைப் பாய்ச்சலையோ நைட்டிங்கேல் அம்மையாரின் விளக்கையோ தொட்டுவிட்டு அமர்ந்துவிடுவார்கள். நான் இன்று கிரிமியாவில் ரஷ்யக் கடற்படைத் துறைமுகமாக இருந்த செவஸ்தபோல் நகரத்தை விட்டு அகலப்போவதில்லை. அந்தப் போர் முடிவானது அங்கேதான், அதை முடிவு செய்ததில் பீரங்கிக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு வண்டிச் சக்கரத்துக்கும் உண்டு என்பது என் கருத்து.

1854 செப்டம்பரில் ஆல்மா ஆற்றங்கரையில் வென்ற பிரிட்டிஷ், பிரெஞ்சு, துருக்கியப் படைகள் நகரை உடனே தாக்காமல், தெற்கே சுற்றிச் சென்று, முற்றுகைப் பீரங்கிகள் கரையேறும்வரை காத்திருந்தன. அந்தச் சில வாரங்களே நகரைக் காப்பாற்றின. ரஷ்யர்கள் தங்கள் கப்பல்களைத் தாங்களே துறைமுக வாயிலில் மூழ்கடித்துக் கடல்வழியை அடைத்தார்கள்; படைவீரர், மாலுமிகள், ஊர்ப் பெண்கள் என எல்லோரையும் மண் அள்ள வைத்து, டோட்லெபன் என்ற பொறியாளர் தரைப்பக்கம் அரண்களை எழுப்பினார். கல்மதில் குண்டு பட்டால் சிதறும். மண்மேடோ குண்டை விழுங்கிக்கொள்ளும், பகலில் சரிந்ததை இரவிலேயே அள்ளிப் போட்டு நிமிர்த்திவிடலாம். அக்டோபர் 17 அன்று தொடங்கிய முதல் குண்டுமாரியில் ரஷ்யத் தளபதி கொர்னீலொவ், நகரின் முக்கிய அரண் இருந்த மலாகொவ் குன்றில் மாண்டார். ஆனாலும் அரண்கள் நின்றன.

நவம்பர் 14 அன்று வீசிய புயல், குளிராடைகளோடு வந்த கப்பலை மூழ்கடித்தது. பாலக்லாவா துறையில் சரக்கு குவிந்து கிடக்க, சில கிலோமீட்டர் தள்ளிப் பதுங்குகுழியில் இருந்த பிரிட்டிஷ் வீரன், சேற்றில் வண்டி ஏறாததால் பட்டினி கிடந்தான். 1855 தொடக்கத்தில் ஒப்பந்தக்காரர்கள் சுமார் ஏழு வாரங்களில் துறையிலிருந்து முற்றுகைப் படை இருந்த மேட்டுக்கு இரயில் பாதை போட்டார்கள். ரஷ்யாவுக்கோ மாஸ்கோவுக்குத் தெற்கே இரயிலே இல்லை. வெடிமருந்தும் மாவும் புல்வெளிகளைக் கடந்து மாட்டுவண்டியில் வரவேண்டும். நீராவிக் கப்பலின் தயவால், செவஸ்தபோலுக்கு மாஸ்கோவைவிட இலண்டன் பக்கத்தூர் ஆகிவிட்டது.

1855 செப்டம்பர் 8 அன்று நண்பகலில் பிரெஞ்சுப் படை மலாகொவைப் பிடித்தது. அதே நாளில் ரெடான் அரணைத் தாக்கிய பிரிட்டிஷார் தோற்றுத் திரும்பினர். அன்றிரவு ரஷ்யர்கள் வெடிமருந்துக் கிடங்குகளைத் தாங்களே தகர்த்துவிட்டு, விரிகுடாவின் மேல் கட்டியிருந்த மிதவைப் பாலம் வழியாக, எரியும் நகரை முதுகுக்குப் பின்னே விட்டு வடகரைக்கு நடந்தார்கள்.